அடுப்பு நிறுத்தின வீடு

எங்கள் வீட்டில் காலையில் சமைத்துவிட்டுப் போகும் சின்னம்மாவை யாராவது சமையல்காரம்மா என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. "சமைக்கிறது வவுத்துப் பொழப்புக்குமா. என் வேலை தாவத் சொல்றது" என்பார். அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. புனேயில் ஔந்தில் வீடு பிடித்துக்கொண்டு, தினமும் ஹிஞ்ஜவடியில் ஐ.டி. ஆபீஸுக்குப் போய்வந்து காலத்தை ஓட்டுகிறேன். தாவத் என்றால் விருந்து, பிரியாணி போடுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஓர் ஆள் போய் என்னத்தைச் சொல்வது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஆபீஸுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

சின்னம்மா இருப்பதும் புனேயில்தான், கட்கியில், பஜாருக்குப் பின்னால் நீளமாகப் போகும் ஒரு சந்தில். கணவர் கந்தசாமி அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்து ரயிலிறங்கியதிலிருந்து சின்னம்மாவுக்கு அந்தச் சந்துதான் ஊர். அதில் பாதி முஸ்லிம் வீடுகள். பெரிய வீடு அப்துல் காதர் பாயுடையது. அவரும் அதே தொழிற்சாலையில் இருந்தவர், பூர்வீகம் வாணியம்பாடி. ஊர்ப்பக்கத்துத் தமிழ் காதில் விழுந்த நாளிலேயே சின்னம்மாவைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டுவிட்டார்.

அந்த வீட்டின் முதல் கல்யாணத்தில்தான் சின்னம்மாவுக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. வழக்கமாகப் பெண்களைக் கூப்பிடப் போகும் உறவுக்காரம்மாவுக்குச் சந்தில் பாதி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. யாரை அனுப்பினாலும் யாருக்காவது முகம் கோணும். கடைசியில் பாயின் மனைவி, "நீயே போய்ச் சொல்லிட்டு வா சின்னம்மா, உனக்குத்தான் யாரோடயும் பகை இல்ல" என்று அனுப்பிவைத்தார். "சொந்தம்னு இருந்தாதானம்மா பகை இருக்கும்" என்று சின்னம்மா என்னிடம் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யார் வீட்டு விசேஷமானாலும் அவர்தான்.

பத்திரிகை அடிக்கிறார்கள், வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள், எல்லாம் உண்டு. ஆனாலும் சந்துக்குள் இருக்கிறவர்களை வாசலில் போய் வாயால் கூப்பிட வேண்டும். அதிலும் ரகம் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்பது ஒரு தாவத். நெருக்கமானவர்களுக்குச் சொல்வது அடுப்பு நிறுத்துகிற தாவத். 'சூல் பந்த்' என்பார்கள் இங்கே. சூல் என்றால் மராத்தியில் அடுப்பு. விசேஷத்தன்று உங்கள் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று அர்த்தம். சரி என்று ஒப்புக்கொண்ட வீட்டில் அன்றைக்கு டீ கூடப் போடமாட்டார்கள். கேஸ் வந்து புகை போய்விட்டாலும் குக்கர் இருக்கிறதே. ஒரு விசில் கேட்டால் போதும், அந்த வீட்டை யாரும் கூப்பிடவில்லை என்று சந்து முழுக்கப் பேச்சாகிவிடும்.

அதோடு முடியவில்லை. சாப்பாட்டு நாளன்று இன்னொரு தடவை போக வேண்டும். "சாப்பாடு தயார், வாங்க" என்று வாசலில் நின்று சொன்ன பிறகுதான் படியிறங்குவார்கள். பெண்கள் பக்கம் இடம் குறைவு, பந்தி பந்தியாகத்தான் உட்காரவைக்க முடியும், அதனால் ஏற்பட்ட பழக்கமாக இருக்கலாம். இப்போது அது மானப் பிரச்சினையாகிவிட்டது. இரண்டாவது அழைப்பு வராமல் பந்தலுக்குப் போய் நிற்கிறவரைச் சோற்றுக்கு அலைகிறவர் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் துருக்கிக்காரர்களோடு வேலை. அவர்கள் அனுப்பும் மீட்டிங் அழைப்பிலும் 'தாவெத்' என்றுதான் வருகிறது. ஒரே சொடுக்கில் இருபது பேருக்குப் போய்விடும். அதில் கலந்துகொள்ளாமல் இருக்க என்ன காரணம் சொல்லலாம் என்று பத்தொன்பது பேர் யோசிப்போம். சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அது தாவத் இல்லமா, தண்டோரா" என்று முடித்துவிட்டார்.

இவ்வளவு பேரைக் கூப்பிட்ட சின்னம்மாவை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டு ஆள் மாதிரி. எல்லாப் பந்தியும் முடிந்து, சமையல் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, கந்தசாமிக்கு ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு வருவார். அதில் அவருக்குக் குறை இருப்பதாகவும் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் காதர் பாயின் பேத்திக்குக் கல்யாணம். அடுப்பு நிறுத்துகிற தாவத் சொல்லும் வீடுகளில் முதலாவது ஜைத்தூன் பீ வீடு. சந்தின் கடைசியில் மகள் நஸீமாவோடு இருக்கும் விதவை. உருது பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். அவருடைய கணவரும் காதர் பாயும் தொழிற்சாலையில் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். பாயின் பிள்ளைகள் மூவரும் அவரிடம்தான் அலிப் பே என்று உருது எழுத்துப் படித்தார்கள். ஜைத்தூன் பீயின் கணவர் போனபிறகு, அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது எதுவும் பாய் வீட்டிலிருந்து தவறியதில்லை. பக்ரீத் கறியில் முதல் பங்கு அங்கேதான் போகும்.

சின்னம்மா வாசலில் நின்று முறையாகச் சொன்னார். "நாளைக்கு மறுநாள் காதர் பாய் வீட்டுப் பேத்தி நிக்காஹ். அடுப்பு நிறுத்திடுங்க. ரெண்டு பேரும் வந்துடணும்."

ஜைத்தூன் பீ அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். முழங்கால் வலி அவருக்கு, கீழே உட்கார முடியாது, கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். பழைய டீச்சர் புத்தி எங்கே போகும். தாவத் என்ற வார்த்தை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது தெரியுமா என்று இந்தியில் ஆரம்பித்துவிட்டார். அரபு நாட்டில் பிறந்து, ஈரானுக்குப் போய், அங்கிருந்து துருக்கிக்கு ஒரு பக்கம், இந்துஸ்தானத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிந்ததாம். அவர் வீட்டு மாடியில் முன்பு குடியிருந்த ஈரான் தேசத்துப் பையன்கள் கூட விருந்துக்கு அந்த வார்த்தையைத்தான் சொல்வார்களாம், வாய் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி கோணுமாம்.

"சாப்பாடுங்கறது நாம இங்க சேர்த்துக்கிட்டது சின்னம்மா. அந்த வார்த்தைக்குள்ள சாப்பாடே இல்ல. கூப்பிடறதுதான் இருக்கு. துஆ கேக்கறோமே, அதுவும் இதே வேர்தான். அல்லாவைக் கூப்பிடறது அது, மனுஷங்களைக் கூப்பிடறது இது. யோசிச்சுப் பாரு, நீ எவ்வளவு பெரிய வேலை பார்க்கறே."

சின்னம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் எங்கள் வீட்டில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அரபு, ஈரான், துருக்கி, கட்கி என்று வரிசையாக. நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து அவர் உட்காரவில்லை. சந்தின் முனையில் பந்தல். ஒரு பந்தி உட்கார்ந்ததும் அடுத்த பந்திக்கு ஆள் கூப்பிட ஓடுவார். பெண்கள் பக்கம் பெரிய தட்டுகளில் பிரியாணி வைத்து, தட்டுக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மத்தியானம் தாண்டிய நேரம். கூப்பிட வேண்டிய வீடுகளில் மிச்சம் இருந்தது கடைசி வீடு ஒன்றுதான். ஜைத்தூன் பீ சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று, கூட்டம் குறைந்த பந்தியில் கூப்பிட நினைத்து வைத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு தட்டில் ஓர் ஆள் குறைந்தது. மூன்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், நாலாவது இடம் காலி. பாயின் மனைவி சுற்றிப் பார்த்தார். சின்னம்மா கண்ணில் பட்டார்.

"சின்னம்மா, நீ உக்காரு."

"நான் அப்பால சாப்டுக்கறேன்கா."

"காலைலேருந்து ஓடிக்கினே கீறே. உக்காருன்றேன்ல. நீ இல்லாம இந்த வூட்ல எந்தக் கல்யாணம் நடந்துச்சு?"

தட்டிலிருந்த பெண்களும் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தே இழுத்தாள். சின்னம்மா உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத்தினி வருஷத்துல என்னை ஒருத்தர் கையைப் பிடிச்சி உக்காரவெச்சது அன்னிக்கிதாம்மா. எல்லாரும் தொட்டுத் துன்ற தட்டு. எனக்குன்னு கறித்துண்ட எடுத்து என் பக்கமா தள்ளி வெக்கிறாங்க. எனக்கு வேற ஒண்ணும் நெனப்புல இல்ல."

நாலு பேர் சாப்பிடும் தட்டிலிருந்து ஒருவர் நடுவில் எழுந்தால் மற்ற மூவருக்கும் அவமரியாதை. அதனால் எழவும் முடியாது. ஆனால் அது காரணமில்லை என்று அவரே சொன்னார். எழ வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. சாப்பிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி வம்பு பேசினார்கள், சிரித்தார்கள். இனிப்பு வந்தது. அதற்குப் பிறகும் பேச்சு. யாரோ பீடா கொடுத்தார்கள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினார். சமையல்காரர் பிரியாணி தேக்சாவைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா பீடாவைத் துப்பிவிட்டுச் சந்துக்குள் ஓடினார். கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாக விசில் சத்தம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை, தாளிக்கிற வாசனையும் இல்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டி என்ன சொல்வது? சாப்பாடு தயார் என்றா? தேக்சா கழுவியாகிவிட்டது. அவர் விரலில் இன்னும் நெய் வாசனை இருந்தது. தட்டாமல் திரும்பி வந்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் கூட மறதி என்று ஒரு பெயர் இருந்திருக்கும். சாயங்காலம் காதர் பாய் வந்து கேட்டார். "தங்கச்சி, டீச்சரம்மா வரலியே. கூப்ட்டியா?"

"கூப்ட்டேனே பாய். முட்டி ரொம்ப வலிக்குது, வர முடியாதுன்னுட்டாங்க."

இதை எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நாக்கு தானாக உருட்டிவிட்டது. "முட்டி வலின்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டோ அனுப்பியிருப்பேனே. நஸீமாவாவது வந்திருக்கலாம்" என்றார் பாய். பிறகு உள்ளே போய்விட்டார்.

பாய் போய்க் கேட்கவில்லை. வராதவர் வீட்டு வாசலில் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது அழகில்லை. ஜைத்தூன் பீயும் கேட்கவில்லை. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று நினைக்கிற ஆள் அவர். இவர்களுடைய மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று, பின்னால் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அந்த மரியாதையை நம்பித்தான் சின்னம்மாவின் பொய்யும் பிழைத்துக் கிடந்தது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சின்னம்மா எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சமைத்து முடித்ததும் அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றால், "வேணாம்மா, எறங்கல" என்பார். நான் மாவு மாற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சம்பளம் கூட்டிக் கொடுத்து அவரை இழுக்கப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

அவர் சந்தின் கடைசிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். பஜாரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம். ஒரு நாள் மார்க்கெட்டில் எதிரே நஸீமா வந்தாள். சின்னம்மா கீரைக்காரியிடம் குனிந்துகொண்டார். நஸீமா நின்று, "கைஸே ஹோ சின்னம்மா, உடம்பு சரியில்லையா, இளைச்சுட்டீங்களே" என்று கேட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

பக்ரீத் வந்தது. முதல் மழை பிடித்துக்கொண்ட நாள். பங்கு போட்ட கறிப் பைகளைக் கொண்டு போய்க் கொடுக்க வழக்கம்போல் சின்னம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பைகள் வரிசையாக இருந்தன. எந்தப் பை எந்த வீட்டுக்கு என்று பாயின் மனைவி சொல்லச் சொல்ல வாங்கிக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது.

"டீச்சரம்மா பை?" என்றார் சின்னம்மா.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த காதர் பாய்தான் பதில் சொன்னார். "வேணாம் தங்கச்சி. நம்ம கல்யாணச் சோறு எறங்காதவங்களுக்கு நம்ம கறி மட்டும் எறங்குமா? பட்ட மனசுக்கு ஒரு அளவு இருக்குது."

சின்னம்மா பைகளைக் கீழே வைத்தார். "எறங்கலன்னு அவங்க சொல்லல பாய். நான்தான் சொன்னேன்" என்றார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தட்டில் உட்கார்ந்தது, சாப்பிட்டது, தேக்சா கழுவினது, கதவைத் தட்டாமல் திரும்பினது, முட்டி வலி என்று சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நான் அவங்க அடுப்ப நிறுத்திட்டு, இங்க உக்காந்து துன்னேன் பாய்."

பாயின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். காதர் பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ துன்னதுல எனக்குக் கோவம் இல்ல. பசிச்சிது, துன்னே. என்னை இத்தினி மாசம் அந்தம்மா மேல கோவமா வெச்சிருந்தியே. அந்தப் பாவத்தை நான் எங்க போய்க் கழுவறது?" குரல் உயரவில்லை. "இனிமே நம்ம வூட்டு தாவத்த நீ சொல்ல வேணாம்மா."

தங்கச்சி என்று சொல்லவில்லை. அதைத்தான் சின்னம்மா எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

பாய் தன் பங்கிலிருந்தே ஒரு பையைக் கட்டி எடுத்துக்கொண்டு, குடையைக் கூடப் பிடிக்காமல் சந்தின் கடைசிக்கு நடந்தார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன. ஜைத்தூன் பீ முகத்தில் விழிக்கச் சின்னம்மாவுக்குத்தான் தெம்பில்லை. மறுநாள் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது.

"போய் மன்னிப்புக் கேளுங்க சின்னம்மா" என்றேன். சொல்வது எனக்குச் சுலபம்.

"இன்னான்னு கேக்கறது? பட்டினி போட்டத எப்டிமா திருப்பி எடுக்கிறது?" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அந்த வாரம் நஸீமா சின்னம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். துப்பட்டாவைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, சின்னம்மா மற்ற வீடுகளில் நிற்கிற மாதிரியே நின்றாள். அம்மாவை அவள் அம்மி என்பாள்.

"அம்மி சொல்லச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல தாவத். அடுப்பு நிறுத்திடுங்க. ரெண்டு பேரும் வந்துடணும்."

என்னிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டபோது சின்னம்மாவின் முகம் வெளுத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு வீட்டில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் பரீட்சைக்குப் போகிற மாதிரி இருக்கிறார். "எதுக்குக் கூப்புடறாங்கன்னு தெரியலியேமா. எனக்குத் தெரியட்டும்னு அடுப்ப மட்டும் நிறுத்தச் சொல்லிட்டு, கூப்புடாமலே இருந்துட்டாங்கன்னா? அதுவும் நாயந்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கந்தசாமி டீ கேட்டார். சின்னம்மா கேஸ் லைட்டரை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். "ஒரு டீக்கு இன்னாடி ஆவப்போவுது?" என்று அவர் கத்தினார். கடையில் போய்க் குடித்துவிட்டு வந்து, பத்து மணிக்கே வேட்டி சட்டையோடு தயாராக உட்கார்ந்துகொண்டார். சின்னம்மா பல் தேய்த்ததோடு சரி, பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் குக்கர் விசில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர் வீட்டில் மீன் வறுத்தார்கள். யாரும் வரவில்லை. கந்தசாமி போனை எடுத்து எங்கேயாவது ஆர்டர் போடலாம் என்றார். சின்னம்மா போனைப் பிடுங்கிவைத்தார். "மறந்துட்டாங்களா இன்னா? நீயாச்சும் போய்ப் பாரேன்" என்றார் கந்தசாமி. கூப்பிடாமல் எப்படிப் போவது? சந்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். எல்லாச் செருப்பும் வாசலைத் தாண்டிப் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் இப்படித்தானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது பசி போய்விட்டது. அழுகைகூட வரவில்லையாம்.

கந்தசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய நேரத்தில் வாசலில் கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

ஜைத்தூன் பீ நின்றிருந்தார். ஒரு கையில் கோல், மறு கை சுவரில். புடவை ஓரமெல்லாம் சேறு. அந்தச் சந்தை எங்கள் அபார்ட்மென்ட் ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து முடித்துவிடுவார்கள். அவர் ஒவ்வொரு வீட்டுப் படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. நிமிர்ந்து நின்று, முறை மாறாமல் சொன்னார்.

"சாப்பாடு தயார். வாங்க."

சின்னம்மா பதறிப்போய், "நீங்க எதுக்கு வந்தீங்க? நஸீமாவ அனுப்பியிருக்கலாமே. இந்த முட்டிய வெச்சிக்கினு" என்று கையைப் பிடித்தார்.

"எனக்குன்னு ஒரு சின்னம்மா கிடையாதே அனுப்ப. நானேதானே வரணும்" என்றார் ஜைத்தூன் பீ. பிறகு தன் முழங்காலைக் கோலால் தட்டிக்காட்டினார். "இது மேல பழி போட்டியாமே? பாரு, வலிக்குதுதான். கூப்பிட்டா நடக்கும்."

சின்னம்மா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கந்தசாமி சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து தூக்கிவிட்டார். மூன்று பேரும் அந்தச் சந்தில் மெதுவாக நடந்து போனார்கள். வழியில் காதர் பாய் வீட்டு ஜன்னலில் யாரோ நிற்பது தெரிந்தது. சின்னம்மா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கந்தசாமிக்கு முன்னறையில் இலை. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஒரே பெரிய தட்டு வைத்து, ஜைத்தூன் பீ, நஸீமா, சின்னம்மா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பக்ரீத் கறியில் ஒரு பங்கை ஐஸ்பெட்டியில் எடுத்துவைத்திருந்தார்கள். சின்னம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டார். தண்ணீர் குடித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் ஜைத்தூன் பீ கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினார். முன்னறையில் கந்தசாமிக்குக் குழம்பு தீர்ந்திருக்குமே என்று சாக்குச் சொல்லி எழப் பார்த்தார்.

ஜைத்தூன் பீ தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

"நிதானமா சாப்பிடு. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. அன்னைக்கும் எழுப்பலையே."

சின்னம்மாவுக்குப் புரியவில்லை. நஸீமாவைப் பார்த்தார். நஸீமா சோற்றைப் பிசைந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். கல்யாணத்தன்று நேரமாகியும் யாரும் வரவில்லையே, அம்மி மாத்திரை போட வேண்டுமே என்று அவள் பந்தல் வரைக்கும் வந்திருக்கிறாள். பந்தலின் மறைப்புத் துணி விலகிய இடத்தில் சின்னம்மா தட்டில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யாரோ எதுவோ சொல்ல, சின்னம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமல் திரும்பிவிட்டாள்.

"அம்மிகிட்டப் போய்ச் சொன்னேன். அவங்க, பாவம், சாப்பிடறவளை எழுப்பக் கூடாது, அவளை என்னைக்குமே யாரும் உக்காரவெச்சதில்ல, சாப்பிட்டு வரட்டும், நாம காத்திருப்போம்னாங்க. ரெண்டு பிஸ்கட் குடுத்து மாத்திரை போட்டுவிட்டேன். புடவையை மாத்தவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டிருந்தோம்."

கதவுக்கு உள்பக்கம் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் சின்னம்மா வெளியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். தட்டியிருந்தால் திறந்திருப்பார்கள்.

சின்னம்மா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மூன்று பேர் சாப்பிடுகிற தட்டு, நடுவில் எழக் கூடாது. கண்ணீர் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது, அதை இடது கையால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். தட்டு காலியாகும் வரைக்கும் ஜைத்தூன் பீ அவர் பக்கம் சோற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.